அதிதி: சொல் சென்ற வழியும் தர்மம் நின்ற இடமும்

'அதிதி' என்னும் வடசொல்லுக்குப் பொருள் கூறப் புகுவோர் பெரும்பாலும் ஒரே விளக்கத்தோடு அமைந்துவிடுகின்றனர். 'திதி' என்பது நாள். முன் நிற்கும் அகரம் இன்மையைக் குறிக்கும். ஆகவே நாள் குறியாமல் வருபவன் அதிதி என்பது அவ்விளக்கம். உபந்யாஸங்களிலும் பதவுரைகளிலும் இது ஐயமின்றி எடுத்தாளப்படுகிறது. செவிக்கு இனியதாயும் கருத்துக்கு இசைந்ததாயும் இருப்பதால் இதனை ஆராய்ந்து பார்ப்பார் அரியர். ஆயினும் இச்சொல்லுக்கு நூல்கள் காட்டும் வியுத்பத்தி ஒன்றன்று, நான்கு. அந்நான்கையும் பிரித்தறிந்தால்தான், இச்சொல் பாரத தேசத்துப் பிற மொழிகளுக்கும் கடல் கடந்த மொழிகளுக்கும் எப்பொருளை உடன்கொண்டு சென்றது, எப்பொருளை இங்கேயே விட்டுச் சென்றது என்பது விளங்கும்.

முதலாவது, வையாகரணர் கொள்ளும் வழி. இடைவிடாது செல்லுதல், திரிதல் என்னும் பொருளுடைய 'அத்' என்ற தாதுவின்மேல் 'இதின்' என்னும் உணாதி பிரத்யயம் சேர்ந்து இச்சொல் அமைகிறது. இதன்படி அதிதி என்பவன் செல்பவன், வழிநடப்பவன். பாணினி இச்சொல்லினின்று பிறக்கும் வேறிரு சொற்களுக்கும் விதி வகுத்துள்ளார். அதிதியின்பொருட்டு ஆவது ஆதித்யம் (5.4.26), அதிதியினிடத்து நல்லவனாய் இருப்பவன் ஆதிதேயன் (4.4.104). பின்னைய சூத்திரத்தில் வழி என்னும் பொருளுடைய சொல்லோடு அதிதி என்னும் சொல்லும் ஒருங்கே படிக்கப்பட்டிருக்கிறது. வழிக்கு உதவும் கட்டுச்சோறாகிய பாதேயமும், வழிவந்தவனுக்கு உதவும் ஆதிதேயனும் ஒரே விதியால் அமைகின்றனர்.

இரண்டாவதும் மூன்றாவதும் யாஸ்கர் வழியாகவும் மனு வழியாகவும் வருவன. நிருக்தத்தின் நான்காம் அத்தியாயத்தில் யாஸ்கர், வீடுகளை நோக்கி வந்தவன் என்று ஒரு நிர்வசனமும், திதிகளில் பிறர் இல்லங்களுக்கு வருபவன் என்று மற்றொரு நிர்வசனமும் கூறுகிறார். இவற்றுள் முன்னது தாதுப் பொருளோடு ஒட்டியது. பின்னது கவனிக்கத்தக்கது. இன்று வழங்கும் விளக்கம் திதி இல்லாதவன் என்கிறது. யாஸ்கரோ திதியில் வருபவன் என்கிறார். ஒரே 'திதி'யைக் கொண்டு இரு விளக்கங்களும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. மனு ஸ்ம்ருதி (3.102) இவ்விரண்டையும் விட்டு, ஓர் இரவு மட்டும் தங்குபவனை அதிதி என வரையறுத்து, அவன் இருப்பு நிலையற்றது ஆதலால் அப்பெயர் என்று காரணம் கூறுகிறது. நான்காவதே நாள் குறியாமல் வருபவன் என்னும் விளக்கம்.

இந்நான்காம் விளக்கத்திற்கு இலக்கணம் இடம் தருமா? ஸ்வரத்தைக் கொண்டு இதனைத் தீர்மானிக்கலாம். திதி எவனுக்கு இல்லையோ அவன் என்று விரித்தால் அது நஞ் முன்நின்ற பஹுவ்ரீஹி ஆகும். அத்தகைய ஸமாஸத்திற்கு ஈற்றில் உதாத்தம் வரவேண்டும் என்பது பாணினி விதி (6.2.172). ஆனால் ருக் ஸம்ஹிதையில் அதிதி என்னும் சொல் முதலெழுத்தில் உதாத்தம் பெற்றே ஓதப்படுகிறது. தத்புருஷமாகக் கொண்டு இத்தடையைக் கடக்கலாமெனின், அப்பொழுது திதி அல்லாதது என்று பொருள்படுமேயன்றி, வரும் மனிதனைக் குறிக்காது. 'இதின்' பிரத்யயமோ நகர அனுபந்தம் உடையது, நகர அனுபந்தமுடைய பிரத்யயம் சேர்ந்த சொல்லுக்கு முதலில் உதாத்தம் வருமென்பதும் பாணினி விதியே (6.1.197). ஆகவே ஓதும் ஸ்வரம் வையாகரணர் பக்ஷத்தையே ஆதரிக்கிறது. மேலும், திதி என்னும் சொல் ருக் ஸம்ஹிதையில் வழங்கவேயில்லை. அதிதி என்னும் சொல்லோ அங்குப் பலகாலும் வருகிறது. தாய் பிறவாமுன் மகள் பிறந்தாள் என்று கூறுவதற்கில்லை.

இவ்வளவு கூறியதனால் நான்காம் விளக்கம் தள்ளத்தக்கது என்று முடிவுகட்டலாகாது. சொல் எவ்வாறு அமைந்தது என்பது ஒரு கேள்வி. அச்சொல்லால் சொல்லப்படுபவனிடத்துப் பெரியோர் எக்குணத்தைக் கண்டனர் என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கு வியாகரணமும் பின்னதற்கு நிர்வசனமும் விடை கூறும். தத்வார்த்த ஸூத்திரத்திற்கு ஸர்வார்த்தஸித்தி என்னும் உரை வகுத்த ஜைன ஆசாரியர் பூஜ்யபாதர் இவ்விரண்டையும் அருகருகே வைக்கிறார். ஸம்யமம் கெடாமல் திரிபவன் அதிதி என்று தாதுவழிப் பொருளை முதலில் கூறி, திதி இல்லாதவன், அதாவது வரும் காலம் வரையறுக்கப்படாதவன் என்று அடுத்த பொருளையும் காட்டுகிறார். இவர் வையாகரணத்திலும் வல்லவர். ஒன்றை ஏற்க மற்றொன்றை மறுக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. குறை நான்காம் விளக்கத்தில் இல்லை. அதனையே சொல்லின் பிறப்பாகக் கொண்டு மற்றவற்றை மறந்துவிடுவதில்தான் உள்ளது.

வேதத்தில் இச்சொல் பெற்ற இடமும் ஈண்டு நினைக்கத்தக்கது. மனிதரின் வீடுகளில் வந்து தங்கும் அதிதியாக அக்நி பலமுறை துதிக்கப்படுகிறான். ஓரிடத்தில் நில்லாது எங்கும் செல்லும் இயல்புடையவன் ஒவ்வோர் இல்லத்திலும் எழுந்தருளுகிறான் என்பது அத்துதியின் கருத்து. திவோதாஸனுக்கு அதிதிக்வன் என்று ஒரு பெயர் உண்டு. கடோபநிஷத்தில் நசிகேதஸ் மூன்று இரவுகள் உணவின்றி யமன் வாயிலில் காத்திருந்தான். திரும்பி வந்த யமனுக்கு, அதிதி அக்நியாகவே வீட்டினுள் புகுகிறான் என்று நினைவூட்டப்படுகிறது. ஸோம யாகத்தில், விலைக்குக் கொள்ளப்பட்ட ஸோமம் வண்டியில் யாகசாலைக்கு வரும்பொழுது, அரசனை அதிதியாக எதிர்கொள்வதுபோல் ஆதித்யேஷ்டி என்னும் இஷ்டி செய்யப்படுகிறது. ஒன்பது கபாலங்களில் பக்குவம் செய்த அப்புரோடாசம் விஷ்ணுவுக்கே உரியது. அதிதி ஸத்காரம் என்னும் செயலுக்கு வேதம் விதித்த இஷ்டியின் தேவதை திருமால் என்பது ஸம்பிரதாயத்தார்க்குச் சிறப்பாக நினைக்கத்தக்கதாகும்.

இனி, இச்சொல் பிற மொழிகளுக்குச் சென்ற வழியைக் காண்போம். பாலியில் அது உருமாறாமல் அதிதி என்றே நின்றது. பிராகிருதத்தில் தகரம் தேய்ந்து அதிஹி, அஇஹி என்றாயிற்று. ஜைன சிராவகர்க்குரிய விரதங்களுள் அதிதி ஸம்விபாகம் ஒன்று. தனக்கென ஆக்கிய உணவில் திரியும் முனிவர்க்குப் பகிர்ந்தளித்தல் அதன் பொருள். இங்கு அதிதி என்பது பொதுவான விருந்தினரினின்றும் சுருங்கி, துறவியைக் குறிக்கலாயிற்று. தாது குறித்த 'திரிதல்' என்னும் பொருள் அவ்விரதத்தில் சற்றும் குறையாமல் நிலைபெற்றுள்ளது.

வடமொழியும் பாலியும் சென்று பரவிய தென்கிழக்கு நாடுகளில் இச்சொல் வேறு கதி அடைந்தது. தாய் மொழியில் அது 'அதிதீ' என ஒலித்து, விருந்தினரைக் குறிக்கும் இலக்கியச் சொல்லாக நிற்கிறது. பேச்சில் வழங்குவது வேறு சொல். கம்போடியரின் கெமர் மொழியில் அதனோடு 'ஜன' என்பது சேர்ந்து 'அதிதிஜன' என்றொரு தொகை அமைந்தது. இன்று அம்மொழியில் அத்தொகை கடையிலும் வங்கியிலும் வரும் வாடிக்கையாளரைக் குறிக்கிறது. வந்தவரை மதித்து வரவேற்க வேண்டும் என்னும் கருத்து அதில் எஞ்சியிருக்கிறது. ஆனால் வந்தவர் விலை கொடுப்பவர். கைம்மாறு கருதாது அளித்தல் என்னும் உயிர்நிலை அங்கே இல்லை.

பாரத தேசத்திற்குள்ளும் இச்சொல்லின் பொருள் பலவாறு கிளைத்துள்ளது. வங்கமொழியில் குளிர்காலத்தில் வந்து தங்கிச் செல்லும் வலசைப் பறவைகளை அதிதிப் பறவைகள் என்பர். ரவீந்திரநாத தாகூர் 1895-ஆம் ஆண்டில் 'அதிதி' என்னும் பெயரில் எழுதிய சிறுகதையில், தாராபதன் என்னும் சிறுவன் எல்லோராலும் அன்பு செய்யப்பட்டும் எவ்வில்லத்திலும் கட்டுண்ணாமல் சென்றுவிடுகிறான். இவ்விரண்டும் 'அத்' தாதுவின் பொருளை உரையின்றியே விளக்குவன. கன்னட நாட்டில் நிலையான பணியமர்வு இல்லாத கல்லூரி ஆசிரியர் அதிதி உபந்யாஸகர் எனப்படுகிறார். கேரளத்தில் பிற மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போரை அதிதித் தொழிலாளிகள் என்று அரசே அழைக்கிறது. இவ்வழக்குகளில் முன்நிற்பது மனு கூறிய நிலையற்ற இருப்பு. மரியாதைச் சொல்லால் அழைக்கப்படுவது பெருமையே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் உழைப்பவரை அதிதி என்பது, அவர் இங்கு உரியவர் அல்லர் என்பதையும் உடன் சொல்லிவிடுகிறது. ஓர் இரவு தங்குபவனுக்கு மனு இட்ட பெயர் இங்கு நெடுங்காலம் தங்குபவர்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

ஹிந்தியில் விழாவிற்குத் தலைமை விருந்தினராக வருபவரை முக்ய அதிதி என்பர். மாதம், தேதி, மணி எல்லாம் அழைப்பிதழில் அச்சிடப்பட்ட பின்னரே அவர் வருகிறார். அவர் குலமும் பதவியும் பட்டமும் ஊரறிந்தவை. நாள் குறியாமல் வருபவன் என்பதே சொல்லின் பொருளானால், அப்பெயருக்குச் சற்றும் உரியர் அல்லாதவர் அவரே. யாஸ்கரின் இரண்டாம் நிர்வசனத்தைத் துணைக்கொண்டு, திதியில் வருபவர் என்று வேண்டுமாயின் அமைதி கூறலாம்.

இவ்வாறு தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். திரிபவன் என்னும் பொருள் வங்கத்துப் பறவைகளோடும் ஜைன விரதத்தோடும் சென்றது. நிலையற்றவன் என்னும் பொருள் கன்னடத்திலும் மலையாளத்திலும் நின்றது. திதியில் வருபவன் என்னும் பொருள் ஹிந்தி மேடைகளில் அமர்ந்தது. நாள் குறியாமல், அறிமுகமின்றி வாயிலில் வந்து நிற்பவன் என்னும் பொருளை மட்டும், மேற்காட்டிய பொது வழக்குகளுள் ஒன்றேனும் ஏற்கவில்லை. எல்லோரும் சொல்லும் விளக்கம் எதுவோ, அதுவே வழக்கில் இடம் பெறாத விளக்கமாயிற்று.

தமிழில் நிலைமை சிறிது வேறு. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் வனப்பு எட்டனுள் விருந்து என்பது புதிதாக யாக்கும் செய்யுளைக் குறித்து நிற்கும். புதியராய் வருவார் ஆதலின் வந்தவர்க்கு அப்பெயர் ஆயிற்று. திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், முன்னறிவு உண்மையால் குறித்து வருவார், அஃதின்மையால் குறியாது வருவார் என விருந்தினரை இருவகைப்படுத்தினார். வடமொழியில் நிர்வசனத்தால் பெறவேண்டிய கருத்து தமிழ்ச் சொல்லிலேயே அமைந்திருந்தமையால், அதிதி என்பது இங்கு வைதிக கர்மங்களைச் சார்ந்த சொல்லாக மட்டும் நின்றது. ஆயினும் விருந்து என்றால் உணவே என்று கருதும் அளவிற்குப் பேச்சு வழக்கு இன்று மாறிவிட்டது.

தமிழ் எழுத்தால் நேர்ந்த மயக்கம் ஒன்றையும் குறிப்பிடவேண்டும். விருந்தினனைக் குறிக்கும் சொல்லில் தவர்க்கத்தின் முதலெழுத்தும் இரண்டாமெழுத்தும் முறையே வருகின்றன. தேவமாதாவின் பெயரில் மூன்றாமெழுத்தும் முதலெழுத்தும் வருகின்றன. கிரந்தத்தில் தெளிவாக வேறுபடும் இவ்விரண்டும் தமிழ் எழுத்தில் 'அதிதி' என்று ஒன்றாகிவிடுகின்றன. இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். தேவமாதாவின் புதல்வனான வாமனன், அழைப்பின்றி மஹாபலியின் யாகசாலை வாயிலில் வந்து நின்றான். தமிழில் எழுதினால் அதிதியின் மகன் அதிதியாக வந்தான் என்றே எழுதவேண்டியிருக்கும். எழுத்தின் குறை இங்கு ஒரு நயமாய் முடிந்தது. எனினும் அதனை வியுத்பத்தியாகக் கொள்ளலாகாது.

சொல்வழக்கில் இடம் பெறாத அப்பொருள் எங்கே நிலைபெற்றது? ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் மூன்றாம் அம்சத்தில், ஸகரனுக்கு ஔர்வர் உபதேசிக்கும் கிருஹஸ்த தர்மங்களில் இதற்கு விடை உண்டு. பூஜையும் பலியும் முடித்த இல்லறத்தான், ஒரு பசுவைக் கறக்கும் நேரமேனும் முற்றத்தில் நின்று அதிதியை எதிர்பார்த்திருக்க வேண்டும். வருபவன் வேற்றிடத்திலிருந்து வந்தவனாய், குலமும் பெயரும் அறியப்படாதவனாய் இருத்தல் வேண்டும். அவனிடம் கோத்திரமும் கல்வியும் வினவாமல் உபசரிக்க வேண்டும். ஏமாந்து திரும்பும் அதிதி தன் பாபத்தை வைத்துவிட்டு இல்லறத்தானின் புண்ணியத்தைக் கொண்டுபோகிறான். இப்புராணத்திற்கு விஷ்ணுசித்தீயம் என்னும் வியாக்கியானம் அருளிய எங்களாழ்வானைப் போற்றும் மரபினர்க்கு இது புதிதன்று. இங்கு அதிதியின் இலக்ஷணம் அவனுடைய தகுதியில் இல்லை. இல்லறத்தானின் அறியாமையில் இருக்கிறது. அவனை இன்னாரென்று அறியாத நிலையில் செய்யும் உபசாரமே அதிதி பூஜை. அறிந்தபின் செய்வது நட்பாகலாம், மரியாதையாகலாம்.

ஸ்ரீராமாயணத்தின் விபீஷண சரணாகதிப் பிரகரணமும் இதனோடு வைத்து நோக்கத்தக்கது. விபீஷணன் வந்து நின்றபொழுது ஜாம்பவான் கூறிய தடைகளுள் ஒன்று, இடமும் காலமும் அல்லாத இடத்தில், அல்லாத காலத்தில் வந்தான் என்பது. அதிதியின் இலக்ஷணமாகச் சொல்லப்படும் காலமின்மையே இங்குக் குற்றமாகக் கூறப்படுகிறது. இதுவே தக்க இடமும் காலமும் என்று மாருதி விடை கூறினான். பெருமாளோ, தன் பேடையைப் பிடித்த வேடனே வந்தபொழுதும் தன் உடலையே உணவாக அளித்த புறாவை எடுத்துக்காட்டினார். ஸ்வாமி தேசிகன் அபயப்ரதானஸாரத்தில் விரித்தருளிய இப்பிரகரணத்தில், அதிதி தர்மமும் சரணாகத ரக்ஷணமும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. இரண்டிற்கும் பொது, வந்தவன் யார் என்னும் விசாரணைக்கு முன்னே இடம் கொடுத்தல்.

இது நூலோடு நிற்கும் செய்தியன்று என்பதற்குக் குருபரம்பரை கூறும் அஷ்டஸஹஸ்ர கிராம வரலாறு சான்று. எம்பெருமானார் திருமலைக்கு எழுந்தருளும் வழியில், செல்வந்தரான சிஷ்யர் யஜ்ஞேசரின் இல்லத்திற்கு முன்னதாக இரு ஸ்ரீவைஷ்ணவர்களை அனுப்பினார். ஆசாரியர் எழுந்தருளுகிறார் என்று கேட்ட மகிழ்ச்சியில் யஜ்ஞேசர் ஏற்பாடுகளைச் செய்ய உள்ளே விரைந்தார். வழிநடந்து களைத்து வாயிலில் நின்ற இருவரையும் மறந்தார். அவர்கள் திரும்பிச் சென்று கூற, எம்பெருமானார் அவ்வில்லத்தைத் தவிர்த்து, வறியவரான வரதாசாரியரின் இல்லத்திற்கு எழுந்தருளினார். மாற்றுடை இன்மையால் வெளிவரமாட்டாத அவ்வம்மையார் கைதட்டித் தம் நிலையைத் தெரிவித்தார் என்பதும், எம்பெருமானார் தம் பரிவட்டத்தை உள்ளே இட்டருளினார் என்பதும் யாவரும் அறிந்தவை. யஜ்ஞேசர் பக்தியில் குறைந்தவர் அல்லர். அவர் எதிர்பார்த்தது வருகை அறிவிக்கப்பட்டவரை; கைவிட்டது முன்னறிவிப்பின்றி நின்றவர்களை. முக்ய அதிதிக்குப் பந்தல் இட்டு, வாயிலில் நிற்பவரைக் காணாதிருத்தல் இக்காலத்துக் குற்றம் மட்டும் அன்று என்பதும் இதனால் விளங்கும்.

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழலாம். முன்பின் அறியாதவரை வீட்டினுள் ஏற்பது இக்காலத்தில் இயலுமோ எனின், தர்மமே தனக்கு எல்லை வகுத்துக்கொண்டுள்ளது என்பது விடை. எதிர்பார்த்து நிற்கும் காலம் பசுவைக் கறக்கும் நேரம். தங்கும் காலம் மனுவின்படி ஓர் இரவு. அளிப்பது இல்லத்தில் உள்ளதற்கு ஏற்ப. வாயிலில் வைத்து அளிக்கும் உணவும் உபசாரமே. சாஸ்திரம் இல்லறத்தானின் முழுப் பொழுதையும் கேட்கவில்லை. ஒருவேளை உணவிற்கு முன் சற்று வெளியே பார்க்குமாறு மட்டும் கேட்கிறது. ஒவ்வொரு நாளும் திருவாராதனத்தில் ஆஸனம், அர்க்யம், பாத்யம், ஆசமனீயம் என்று அளிக்கப்படுபவை யாவும் வழிவந்தவனை எதிர்கொள்ளும் உபசாரங்களே. எம்பெருமான் திறத்தில் அவற்றைச் செய்பவன் அவற்றின் பொருளை மறப்பதற்கு இடமில்லை.

ஆகவே, அதிதி என்பதற்கு நாள் குறியாதவன் என்று பொருள் கூறுவோர் அதனைச் சொல்லிலக்கணமாகக் கூறாமல், இல்லறத்தானுக்கு விதித்த அனுஷ்டானமாகக் கூறுதல் நன்று. திருக்கோவலூர் இடைகழியில் ஒருவர் கிடக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் போந்த இடத்தில் முதலாழ்வார்கள் மழையிரவில் ஒருவர்க்கொருவர் இடம் கொடுத்தனர். நான்காமவர் ஒருவர் நெருக்குவதை உணர்ந்தபொழுதும் எவரும் வெளியேற்றப்படவில்லை. வந்தவர் யாரென்று காண விளக்கு ஏற்றப்பட்டது அதன் பின்னர்தான்.